வாதாமர இலையை யார் கூட்டுவது? பொருள்கோள் நோக்கில் ஓர் ஆய்வு

வாசலுக்கு நிழலும் வேண்டும், இலை சிவந்து அழகாக உதிரவும் வேண்டும் என்பவர் சென்னையில் வாதாமரம் வைப்பார். 'வாதாமரம்' பேச்சு வழக்கு. 'நாட்டு வாதுமை' ஏட்டு வழக்கு. லின்னேயஸ் 1767-இல் சூட்டிய 'டெர்மினேலியா கட்டப்பா' பெயர்ப்பலகை வழக்கு. கட்டப்பா என்பது மலாய்ச் சொல்லின் வழி வந்தது. பாகுபலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எம் துணிபு.

வளர்ப்பு: கொட்டையைப் புதைத்தால் வளரும்.

நிழல்: உண்டு.

இனி இலை. நேற்று விழுந்த ஒன்றை அளந்தேன். நீளம் 24 செ.மீ. உடல் முழுக்க வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பு. நடு நரம்பு மஞ்சள். காம்போரம் மட்டும் விரலகலம் பச்சை பாக்கி. ஆண்டுக்கு இருமுறை மரம் இப்படிச் சிவந்து கொட்டும். மரம் என் வீட்டில், இலை பக்கத்து வீட்டில். "உங்க மரம், நீங்கதான் கூட்டணும்" (பக்கத்து வீட்டு மாமி, வாய்மொழி, மதிலுக்கு மேலிருந்து, காலை 6.10).

நன்னூலார் பொருள்கோள் எட்டு என்றார். வாசல் தெளித்த தண்ணீரோடு இலை அடுத்த வாசலுக்குப் போவது ஆற்றுநீர். மதில்மேல் விழுந்து இருபக்கமும் சொந்தமாவது தாப்பிசை. மற்றவை விரிப்பின் பெருகும். ஆய்வுக்குரியது கொண்டுகூட்டே. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டினார். சில நூற்றாண்டு கழித்து மறைமலையடிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமியும் அதே மரபினர். தம் வாசல் இலையைக் கொண்டுவந்து என் வாசலில் கூட்டுகிறார். கேட்டால், "காத்துல வந்திருக்கும்" (மேற்படி மாமி, திருத்திய இரண்டாம் பதிப்பு, கையில் துடைப்பத்துடன், ஒப்புநோக்குக: அன்று காற்றே இல்லை).

இச்சண்டைக்கு வேர் ஆழமானது. வாதாமரத்துக்கு மருதமரம் பங்காளி, இரண்டும் டெர்மினேலியாதான். மருதத்திணைக்கு உரிப்பொருள் ஊடல். ஆகவே வாதாமரத் தெருவில் ஊடல் நிகழ்வது இலக்கணப்படி சரி. இதைவிட நோஞ்சான் சான்றை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நாட்டில் நடமாடுகிறார்கள். கொட்டை வேறு கடலில் மிதந்து கரையேறி முளைக்கக் கூடியது. அதைக்கொண்டு குமரிக்கண்டத்தை நிறுவ ஒருவர் நிச்சயம் வருவார், அவருக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் மாமியின் பேரன் ஃபைட்டர் மீன் வாங்கினான். காய்ந்த வாதா இலையைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், மீனுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னாராம். மறுநாள் என் வாசல் சுத்தமாக இருந்தது. நான் கூட்டவில்லை.

"நல்ல இலையா பார்த்து எல்லாம் உங்க பக்கமே விழுறதே, அது எப்படி?" (மேற்படி மாமி, மூன்றாம் பதிப்பு, முந்தையவற்றை மறுத்து, மருமகளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னது, குக்கர் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடையே).