வாங்கப் போகிறவர்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்காரரைக் காவலாளி முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் ‘கிட்டார் சார்’ என்றுதான் சொல்வார்கள். அவரிடம் கிட்டார் கிடையாது. பதினான்கு மாதங்களாக வாங்கப் போகிறார்.

இந்தக் குலத்தார் எல்லா ஊரிலும் உண்டு. கேமரா வாங்கப் போகிறவர், சைக்கிள் வாங்கப் போகிறவர், டெலஸ்கோப் வாங்கப் போகிறவர் என்று பல கிளைகள். என் சித்தப்பா ஒருவர் வெட் கிரைண்டர் வாங்கப் போகிறவராகவே ஏழு வருடம் இருந்தார். அதுவரை சித்தி ஆட்டுக்கல்லில் அரைத்தார். ஆனால் நம் கிட்டார் சார் குலதிலகம். மற்றவர்களாவது யானையா குதிரையா என்று குழம்புவார்கள். இவருடைய குழப்பம் ஒரே ஈட்டில் வெந்த இரண்டு இட்லிகளில் எதை எடுப்பது என்பது.

இட்லி ஒன்று: ஸ்குவையர் கிளாசிக் வைப் 50ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இட்லி இரண்டு: ஸ்குவையர் கிளாசிக் வைப் 60ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஸ்குவையர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் தம்பி. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு குறைந்த விலைக்கு வருவான். இரண்டு மாடலும் இந்தோனேசியாவில் செய்தவை. இரண்டிலும் ஆறு கம்பி, மூன்று பிக்கப், 21 ஃபிரெட், கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம். விலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டையும் மாட்டி வைத்தால் அவர் மனைவிக்கு ஒரு கிட்டார் இரண்டு தடவை தெரியும்.

“வித்தியாசமே இல்லையா? என்ன சார் நீங்க!” என்பார் கிட்டார் சார். அந்த ‘என்ன சார் நீங்க’வுக்குப் பிறகு குறைந்தது நாற்பது நிமிடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். லிஃப்ட்டில் மாட்டினால் லிஃப்ட் தரைக்கு வந்து, கதவு திறந்து, மூடி, நம்மோடு மறுபடி ஐந்தாம் மாடிக்குப் போய்விடும்.

அவர் சொல்லி நான் கற்ற முதல் வித்தியாசம் இது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தது. அப்போது விரல் வைக்கிற பலகையும் மேப்பிள்; வெளிர் மஞ்சள், நெய் ரோஸ்ட் நிறம். வாசிக்க வாசிக்க மேலே பூசிய மெருகு தேய்ந்து, விரல் பட்ட இடமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. 1959-இல் அந்தப் பலகையை ரோஸ்வுட்டுக்கு மாற்றினார்கள். கறுப்பில் அழுக்குத் தெரியாது. நம் வீட்டில் வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துவிட்டுக் காப்பிக் கலர் விரிப்பு போடுகிற அதே காரணம்தான். இந்தக் காப்பிக் கலர் விவகாரம் அறுபது வருடம் கழித்துச் சென்னையில் ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று லியோ ஃபெண்டர் நினைத்திருக்க மாட்டார். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்.

இந்தக் கடைசித் தகவலை நான்தான் எங்கோ படித்துவிட்டு ஊசியாக இறக்கினேன். “செஞ்சவருக்கே வாசிக்கத் தெரியாதாம் சார்.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா! அப்ப நமக்கென்ன தடை?”

அவருக்கு வாசிக்கத் தெரியவே தெரியாது என்று சொல்வது பாவம். ஹாஸ்டலில் அறைத்தோழனின் கிட்டாரில் நாலு கார்டு கற்றிருக்கிறார். ஆனால் கிட்டார்காரர்களுக்கு இடது கை விரல் நுனியில் கம்பி அழுந்திக் காய்த்துப்போயிருக்கும். இவருக்கு அங்கே பூப்போல இருக்கிறது. காய்ப்பு வலது கைப் பெருவிரலில். போன் திரையைத் தள்ளித் தள்ளி வந்தது.

இரண்டாவது வித்தியாசம் நிறம். ‘சன்பர்ஸ்ட்’ என்று ஒரு பூச்சு உண்டு. நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு, அந்தி வானம் மாதிரி. 50ஸ் மாடலில் இரண்டு நிறம். 60ஸ் மாடலில் நடுவே ஒரு சிவப்பு வளையம் சேர்ந்து மூன்று நிறம். அசல் ஃபெண்டர்களில் 1958-இல் இந்தச் சிவப்பைச் சேர்த்தபோது, தொடக்க காலச் சாயம் வெயில் பட்டு வெளுத்து, பல கிட்டார்கள் மறுபடி இரண்டு நிறமாகவே ஆகிவிட்டனவாம். எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது.

“சார், 60ஸ் வாங்குங்க. ரெண்டு கோடை மொட்டை மாடியில வடாம் மாதிரி காயப் போடுங்க. தானா 50ஸ் ஆயிடும். ஒரு காசுக்கு ரெண்டு.”

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். மறுநாள் காலை வாக்கிங்கில் பதில் வந்தது. “இது பாலியூரித்தேன் ஃபினிஷ். வெளுக்காது சார்.” இரவெல்லாம் தேடியிருக்கிறார்.

மூன்றாவது வித்தியாசத்தில்தான் என் குடும்பமே மாட்டிக்கொண்டது. 60ஸ் மாடலில் இப்போது ரோஸ்வுட் இல்லை, ‘இந்தியன் லாரல்’. ரோஸ்வுட் என்றால் நம் ஈட்டி மரமும் அதன் சுற்றமும். உலகம் முழுவதும் வெட்டித் தள்ளியதில், 2017 ஜனவரியிலிருந்து அந்த இனம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கிட்டார் எல்லை தாண்டவும் காகிதம் வேண்டும் என்றானது. கம்பெனிகள் வேறு மரம் தேடின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் குறைந்த விலைக் கிட்டார்களில் லாரல் குடியேறிவிட்டது. கிட்டார் சாருக்கு இதில் மாதம் தேதியெல்லாம் மனப்பாடம். அவருடைய கார் இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்பதை மட்டும் போக்குவரத்துப் போலீஸ்காரர்தான் அவருக்குச் சொன்னார்.

லாரல், லாரல் என்று அவர் ஏதோ கிரேக்க தேவதை பெயர்போல உச்சரித்துக்கொண்டிருந்தார். என்ன மரம் என்று பார்த்தேன். கருமருது. முதலைத் தோல் மாதிரிப் பட்டை வெடித்திருக்குமே, அதே மரம். எங்கள் தாத்தா வீட்டு வாசல் நிலை கருமருதுதான். நான் நாலாம் வகுப்பில் காம்பஸால் அதில் பெயர் செதுக்கி உதை வாங்கியிருக்கிறேன்.

சொன்னதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். ஒரு வாரம் பேச்சே இல்லை. 50ஸ் ஜெயித்துவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். எட்டாம் நாள் இரவு பத்தரைக்கு அழைப்பு.

“சார், கருமருது தேக்கைவிட அடர்த்தியாமே. உங்க தாத்தா வீட்டு நிலை இன்னும் இருக்கா? ஊருக்குப் போனா ஒரு தட்டுத் தட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்களேன்.”

பொங்கலுக்குப் போனபோது அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. நிலையில் காது வைத்துத் தட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்துப் பெரியம்மா, “பட்டணத்துல வேலை ரொம்பவோ?” என்று கேட்டார். கிட்டார் சாரிடமிருந்து பதில் வந்தது: “பேஸ் அருமை. மிட் கொஞ்சம் கம்மி.”

எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு இவ்வளவு வேலை உண்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓசையைப் பிடிப்பது பிக்கப். காந்தத்தைச் சுற்றி முடியைப்போல மெல்லிய செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்று சுற்றி வைத்திருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் பிறக்கும். மரம் பாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரு கிட்டார் கலைஞர் கிட்டாரே இல்லாமல், இரண்டு பட்டறை மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்து, படம் பிடித்துப் போட்டார். நல்ல கிட்டார் மாதிரியே கேட்டது. பிரம்மாஸ்திரம் கிடைத்த மகிழ்ச்சியில் அதை அவருக்குக் காட்டினேன். முழுவதையும் கண் இமைக்காமல் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

“அந்த மேசை என்ன மரம் சார்?”

வீட்டில் அவர் மனைவி இதையெல்லாம் தூரத்து இடி போலக் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். ஒருநாள் நான் இருக்கும்போதே சொன்னார்: “என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ சொஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டார். எனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லாதது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க.” கிட்டார் சார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். அண்ணா சாலை. 1842-இலிருந்து இசைக்கருவி விற்கிற மியூசி மியூசிகல் இருக்கிற சாலை அது. இவரைப் போன்றவர்களை அந்தச் சாலை ஏழெட்டுத் தலைமுறையாகப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் போனது வேறு கடை. உள்ளே நுழைந்ததும் விற்பனைத் தம்பி எழுந்து, ஒன்றும் கேட்காமல், சுவரிலிருந்து இரண்டு கிட்டாரையும் இறக்கி வைத்தான். அது அவருடைய பதினோராவது வருகை என்று அவனே சொன்னான்.

தமிழ்நாட்டில் கிட்டார் கடைக்கு வருகிற எவரும் முதலில் எதை வாசித்துப் பார்ப்பார்கள் என்பதில் இரண்டு கருத்து கிடையாது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து ‘இளைய நிலா’வின் தொடக்கம்தான் சோதனைத் தாள். அது மரக் கிட்டாரில் வாசித்தது, இது கரண்ட் கிட்டார் என்பதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. கிட்டார் சாரும் ஆரம்பித்தார். நாலு அடி போய் நின்றுவிட்டார். “மிச்சத்தை கிட்டார் வந்தப்புறம் கத்துக்கலாம்னு.” அடுத்த கிட்டாரில் அதே நாலு அடி. தம்பியின் முகத்தில் கோயில் யானையின் சாந்தம்.

பையிலிருந்து சூட்கேஸ் எடை பார்க்கிற கொக்கித் தராசை எடுத்து இரண்டையும் தொங்கவிட்டார். முதுகுப் பக்கம் மோந்து பார்த்தார். பிறகுதான் திட்டத்தைச் சொன்னார். “கண் ஏமாத்துது சார். காதுதான் முடிவு செய்யணும். நான் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கறேன். நீங்க மாத்தி மாத்தி மீட்டுங்க. எது எதுன்னு சொல்லக் கூடாது. முதல், ரெண்டாவது, அவ்வளவுதான்.”

எனக்குத் தெரிந்த இசை, கோயில் மணியை எட்டி அடிப்பது. ஆனால் ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே வழித்துவிட யாருக்குத்தான் வராது. பக்கத்தில் இருந்ததை மடியில் எடுத்தேன். “முதல்” என்றேன். வழித்தேன். அவர் நோட்டில் எழுதினார்.

இனி அடுத்ததற்கு மாற்ற வேண்டும். ஆம்ப்பிலிருந்து வருகிற கேபிள், ஸ்ட்ராட்டின் வயிற்றில் சாய்வாகக் குழித்திருக்கிற ஒரு துளைக்குள் போகிறது. இழுத்தேன். வரவில்லை. திருகினேன். வரவில்லை. தம்பியைப் பார்த்தேன், அவன் வேறொருவருக்கு யுகுலேலே காட்டிக்கொண்டிருந்தான். “ஆச்சா சார்?” என்று சுவரிடமிருந்து குரல். பலமாக இழுத்து உடைத்தால் யார் காசு கொடுப்பது?

“ரெண்டாவது” என்று சொல்லி அதையே வழித்தேன்.

நீண்ட மௌனம். பேனா சரசரவென்று ஓடியது. “மறுபடி முதல்.” வழித்தேன். “ரெண்டாவது.” வழித்தேன். இப்படி ஆறு சுற்று. நாலாவது சுற்றில் தம்பி வந்து பக்கத்தில் நின்றுவிட்டான். மடியைப் பார்த்தான், மேசையில் அசையாமல் கிடந்த மற்றதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தேன். அவனும் வியாபாரி, வாயைத் திறக்கவில்லை.

“போதும் சார்!” கிட்டார் சார் எழுந்தார். கண்ணில் நீர் தளும்பியது. “பதினாலு மாசம் தெரியாம இருந்தது இப்ப பளிச்சுனு தெரியுது. முதலாவதுல ஒரு பிசுபிசுப்பு. தண்ணி பட்ட அப்பளம் மாதிரி. ரெண்டாவது இருக்கு பாருங்க, வெங்கல மணி. ஒரு தடவைகூடத் தப்பல.” நோட்டைக் காட்டினார். ஆறு சுற்றிலும் அதையேதான் எழுதியிருந்தார். “தம்பி, ரெண்டாவதுக்கு பில் போடுப்பா.”

தம்பி என் பக்கம் திரும்பினான். “எது சார் ரெண்டாவது?”

மடியில் இருந்ததை நீட்டினேன். அவனும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு கேபிளையும் சேர்த்தே பில் போட்டான்.