சுவிட்ச் யார் கையில்?

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்து யூ.எஸ்.பி. சாதனத்தை ‘ஆஃப்’ செய்துவிட்டேன். அதன் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறதே? (கல்லூரி மாணவி)

பதில்: நீங்கள் நிறுத்தியது அதன் பேச்சை, சாப்பாட்டை அல்ல. சாதாரண யூ.எஸ்.பி. 2 கேபிளின் உறையைச் சீவினால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. லினக்ஸில் சாதனத்தின் அனுமதியை ரத்து செய்தால் வெள்ளை, பச்சைப் போக்குவரத்துதான் நிற்கும். சிவப்பில் 5 வோல்ட் அப்படியே இருக்கும். யூ.எஸ்.பி. மின்விசிறிக்கும் மேஜை விளக்குக்கும் டேட்டாவே வேண்டாம். பெரும்பாலும் அவை செருகியிருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவற்றை நிறுத்தச் சிவப்பை நிறுத்துவது ஒன்றே வழி.

கேள்வி: சிவப்புக் கம்பியை மென்பொருளாலேயே நிறுத்த முடியாதா? (கணினிப் பயிற்றுநர்)

பதில்: முடியும், போர்ட்டுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஹப் ஒத்துழைத்தால். ‘யு-ஹப்-சி.டி.எல்.’ என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டின் மின்சாரத்தையும் தனித்தனியாக நிறுத்த யூ.எஸ்.பி. விதிமுறையில் இடமும் இருக்கிறது. ஆனால் அதற்கான சுவிட்சைப் பல ஹப்களில் வைப்பதே இல்லை, செலவு மிச்சம். அவற்றில் சில, அந்த வசதி தங்களிடம் இருப்பதாகவே கம்ப்யூட்டரிடம் சொல்லும். ‘நிறுத்து’ என்றால் ‘நிறுத்திவிட்டேன்’ என்று பதிலும் தரும். மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்டும். அதனால் திரையில் வரும் பதிலை விட்டுவிட்டு மீட்டரின் முள்ளை நம்புங்கள்.

கேள்வி: என்னிடம் பை 4 இருக்கிறது. ஒரு போர்ட்டை மட்டும் அணைக்கலாமா? (புகைப்படக் கலைஞர்)

பதில்: முடியாது. பை 3பி, 4பி இரண்டிலும் நான்கு போர்ட்டும் கூட்டுக் குடும்பம். அணைந்தால் சேர்ந்தே அணையும். கேமராவை நிறுத்தப் போனால் கீபோர்டும் போய்விடும். பை 4-இல் இன்னொரு நுணுக்கம்: யூ.எஸ்.பி. 2, யூ.எஸ்.பி. 3 என இரண்டு ஹப்களாக அது லினக்ஸுக்குத் தெரியும். இரண்டையும் அணைத்தால்தான் மின்சாரம் நிற்கும். சிஸ்டமே யூ.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.யிலிருந்து இயங்கினால் இந்தக் கட்டளையைத் தொடாதீர்கள். அது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டும் வேலை.

கேள்வி: ரிலே போட்டுக்கொள்கிறேனே? (எலெக்ட்ரீஷியன்)

பதில்: தாராளமாக. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பை-யின் ஜி.பி.ஐ.ஓ. பின் தருவது 3.3 வோல்ட், அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர். சாதாரண 5 வோல்ட் ரிலே காயில் 70 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். நேரடியாகக் கொடுத்தால் பின் போய்விடும். நடுவில் டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். அல்லது எல்லாம் சேர்த்துக் கட்டிய ரிலே மாட்யூல் வாங்குங்கள். இரண்டு, வெட்ட வேண்டியது சிவப்பை. கறுப்பை வெட்டினால் மின்சாரம் டேட்டா கம்பி வழியாகவோ ஷீல்டு வழியாகவோ திரும்ப வழி தேடும்; சாதனம் அரை உயிரோடு கிடக்கும். மூன்று, பை-யை ஆன் செய்ததும், உங்கள் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, ஜி.பி.ஐ.ஓ. 0 முதல் 8 வரை மேலே இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே. ஹை சிக்னலில் இயங்கும் மாட்யூல் என்றால் 9 முதல் 27 வரையுள்ளவற்றில் ஒரு பின்னை எடுங்கள். கரண்ட் வந்ததும் ரிலே தானாக ‘டக்’ என்று விழாது.

கேள்வி: பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை இரவில் தானாக அணைக்கலாமா? (கணக்காளர்)

பதில்: அணைக்கலாம், வரிசை தவறாமல். ‘காப்பி ஆகிவிட்டது’ என்று திரை சொன்ன பிறகும் கொஞ்சம் டேட்டா மெமரியிலேயே காத்திருக்கும். முதலில் அன்மவுன்ட், பிறகு டிஸ்க்கை நிறுத்தும் கட்டளை, ‘உய்ய்ங்’ சத்தம் அடங்கிய பிறகே மின்வெட்டு. அவசரப்பட்டால் போவது டிஸ்க் மட்டுமல்ல, உங்கள் வருஷக் கணக்கும்தான்.

கேள்வி: இதனால் கரண்ட் பில் குறையுமா? (குடும்பத் தலைவி)

பதில்: அவ்வளவாகக் குறையாது. அரை ஆம்பியர் இழுக்கும் சாதனம் மாதம் முழுக்க ஓடினாலும் 2 யூனிட்டைத் தொடாது. ஆனால் சோலாரில் ஓடும் வானிலைக் கருவிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதே சாதனம் ஒரு நாளில் 60 வாட்-மணி தின்றுவிடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தக் கையிருப்பே 84 தான்.

கேள்வி: தோட்டத்துக் கொட்டகையில் 4ஜி டாங்கிள் அடிக்கடி உறைந்துவிடுகிறது. போய்ப் பிடுங்கிச் செருகினால் சரியாகிறது. (விவசாயி)

பதில்: இந்த வித்தையின் உண்மையான பயன் இங்கேதான். மனிதர் நடந்துபோய்ச் செய்வதை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் செய்யட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்தி, பத்து விநாடி பொறுத்து, மறுபடி கொடுக்கட்டும். அந்தப் பத்து விநாடி அவசியம். உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்கள் வடியாவிட்டால் டாங்கிள் பழைய நிலையிலேயே கிடக்கும். டவரே படுத்திருந்தால் அணைத்து அணைத்துப் போடுவதில் லாபமில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகட்டும்.

கேள்வி: சரியான ஹப்பைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? (பள்ளி மாணவர்)

பதில்: பெட்டியில் எழுதியிருக்காது. போர்ட்டுக்கு ஒரு பட்டன் இருப்பதும் சாட்சியில்லை. அது விரலுக்கான சுவிட்ச். யு-ஹப்-சி.டி.எல். செய்தவர்கள், சோதித்துத் தேறிய ஹப்களின் பட்டியலை வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள மாடலையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு யூ.எஸ்.பி. விளக்கைச் செருகி, அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு அணையவில்லையா? ஹப்பைத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை பில் பத்திரம்.