சுடுதுன்னா கீழ வைலே!

ஏலே பேராண்டி, போன் சுடுதுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுதியாமே? புதுசு வாங்கித் தந்தாத்தான் ஆச்சுன்னு ஒங்க அப்பன் உசுர எடுக்கியாமே? உள்ள வேப்பர் சேம்பர்னு ஒண்ணு இருக்காம், சூடே தெரியாதாம். இத ஒனக்கு ஓதுனது யாரு, கடைக்காரனா, கூட்டாளியா? எவனாயிருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் பட்டன் போன்காரன்தான். ஆனா காட்டு வெயில்லயும் அடுப்படி வேக்காட்டுலயும் கெடந்தவம்லா?

அந்தச் சேம்பர் என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. இட்லிக் கொப்பரையத் தொறந்து பாத்திருக்கியா? கீழ தண்ணி கொதிக்கும். ஆவி மேல போயி மூடியில முட்டும். அங்கன குளுந்து, சொட்டுச் சொட்டாத் திரும்பக் கீழ விழும். அம்புட்டுத்தான் சூத்திரம். இத மெல்லிசான செப்புத் தகட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்கான். தண்ணின்னா கொடக்கணக்குல இல்ல, பொட்டுத் தண்ணி. உள்ள இருந்த காத்த உறிஞ்சி எடுத்துட்டதால, தண்ணி 100 டிகிரிக்குக் காத்திருக்காது, கொஞ்சச் சூட்டுலயே ஆவியாயிரும். சிப்பு பக்கம் கெளம்புத ஆவி, குளுந்த பக்கம் போயித் தண்ணியாகும். உள்ள இருக்க திரி அத உறிஞ்சித் திரும்பக் கொண்டாந்து விட்டுரும். இதுல புதுசு என்ன இருக்கு? 2013லயே ஜப்பான்ல என்இசிக்காரன் போனுக்குள்ள இப்படியொரு தண்ணிக் குழாய வச்சுட்டான்.

நல்ல வேலதான், நான் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். சூடு எங்கலே போச்சு? சிப்புக்கிட்ட குமிஞ்சு கெடந்தது போன் முதுகு பூராப் பரவிச்சு. முதுகுல இருந்து காத்துக்குப் போகணும். இல்லன்னா ஒன் உள்ளங்கைக்குப் போகணும். வேற போக்கிடம் ஏது? சூட்டத் தின்னு ஏப்பம் விடுத எந்திரத்த இன்னும் எவனும் செய்யல.

பரவுனதுல லாபம் இருக்கு, இல்லாம இல்ல. சூடு ஏறுனா சிப்பு தன்னால வேகத்தக் கொறச்சுக்கிடும். திரை மங்கும். சார்ஜ் ஏறுதது மெதுவாகும், இல்ல நின்னே போகும். போன் கெட்டுப்போச்சுன்னு நீ கத்துதியே, அது கேடு இல்லலே, அதுக்காவது கூறு இருக்குன்னு அர்த்தம். சேம்பர் இருந்தா அந்த நெலம வர நேரம் தள்ளிப்போகும். விடாம கேம் ஆடுதவனுக்கும், மணிக்கணக்கா வீடியோ எடுக்கவனுக்கும் அது பிரயோசனம். வாட்சப்புல குட்மார்னிங் அனுப்புத ஒங்க மாமனுக்கு?

ஆப்பிள்காரன் கூத்தப் பாத்தியா? 2023ல ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியச் சட்டம் போட்டான். விண்கலத்துக்குப் போடுத உலோகமாம். நம்ம நாட்டுல ஆரம்ப வெலையே 1,34,900 ரூவா. வந்து இறங்குன கொஞ்ச நாள்லயே, சுடுதுன்னு ஊரெல்லாம் கூப்பாடு. கம்பெனி என்ன சொல்லிச்சு? உலோகத்து மேல பழியில்ல, மென்பொருள்ல ஒரு பிழை, கூடவே இன்ஸ்டாகிராம், ஊபர்னு சில ஆப்பும் சேந்து சிப்பப் போட்டு வாட்டுதுன்னு சொல்லிச்சு. அக்டோபர்ல ஐஓஎஸ் 17.0.3ன்னு ஒரு திருத்தமும் விட்டாங்க. சரி, நம்புவோம். அப்ப 2025ல ஐபோன் 17 ப்ரோவுல அந்த டைட்டானியம் எங்கன போச்சு? இப்ப ஒடம்பு அலுமினியம்! கூடவே சேம்பர். பழைய டைட்டானியத்தவிட இந்த அலுமினியம் 20 மடங்கு சூட்டக் கடத்துமாம், அவங்களே சொல்லுதாங்க. ஒங்க ஆச்சி அம்பது வருசமா அலுமினியக் குண்டான்ல சோறு பொங்குதா. "சட்டுனு சுட்டுரும்லே, துணியப் பிடிச்சு எறக்கு"ன்னு அவ சொன்னப்ப யாராவது மேடை போட்டுக் கை தட்டுனானா?

இன்னொருத்தன், ரெட் மேஜிக்குன்னு பேரு, 2019ல போனுக்குள்ளயே காத்தாடி வச்சான். 2025ல ஓப்போக்காரனும் காத்தாடிப் போன நம்ம நாட்டுலயே விக்க வந்துட்டான். சிரிக்காத. எனக்கு இதுதான் ஞாயமாப் படுது. சேம்பர் சூட்ட எடம் மாத்தத்தான் செய்யும். காத்தாடிதான் வாசலுக்கு வெளிய தள்ளும். கேம் ஆடயில ஒரு இரைச்சல் வரும், அதப் பொறுத்துக்கிடணும்.

போன்கூட என்ன எழுதியிருக்கான்னு என்னைக்காவது வாசிச்சியா? ஐபோன 35 டிகிரி வரைக்கும் உள்ள எடத்துல பயன்படுத்துங்கான். கத்திரியில நம்ம பாளையங்கோட்ட மத்தியானம் 38 தாண்டுதது அதிசயமா? காத்தே அம்புட்டுச் சூடுன்னா, போன் சூடு எறங்குதது மந்தமாத்தானே இருக்கும். சாப்பாடு கொண்டாந்து குடுக்க பையன்களப் பாரு. பைக் கைப்பிடியில போன் நட்டமா நிக்கும். மேல உச்சி வெயில். வெயில்ல தெரியணும்னு திரை முழு வெளிச்சத்துல எரியும். மேப் ஓடும். பக்கத்துல சார்ஜும் ஏறிக்கிட்டிருக்கும். குளுமை வேணும்னா அவனுக்குத்தான் வேணும். ஆனா லச்ச ரூவா சேம்பர் போய்ச் சேருதது எங்க? ஏசி ரூம்ல கால் நீட்டிக் கெடக்கவன் கைக்கு. எவன் பாத்த நாட்டாமைலே இது?

ஒன் போனுக்கு வாரேன். முதுகுல ரப்பர் கவரு, அதுக்கு மேல இன்னொரு கவரு. பரவுன சூடு எப்படி வெளிய போகும்? சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடுத. ராத்திரி தலகாணிக்கு அடியில சொருகுத. பேட்டரிக்குச் சூடுதான் எமன். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, வருசம் திரும்பயில சார்ஜ் நிக்க மாட்டேங்குன்னு வந்து நிப்ப. கவரக் கழட்டி நெழல்ல கால்மணி நேரம் வையி, தானா ஆறும். பிரிட்ஜுக்குள்ள வச்சியாமே, கோட்டிப்பயலே! உள்ள ஈரம் பூத்துச்சுன்னா அப்புறம் சூடும் இருக்காது, போனும் இருக்காது.

காந்தம் வச்சு முதுகுல ஒட்டுத கூலர் வாங்கவும் திட்டமாமே? அது ஒரு பக்கம் குளுந்தா மறுபக்கம் சுடும். அந்தச் சூட்ட வெரட்ட அதுக்கே ஒரு காத்தாடி உண்டு. கரண்டு தனியா இழுக்கும். தூத்துக்குடிப் பக்கம் ஈரக்காத்துல ரொம்பக் குளுந்தா போன் முதுகு வேத்துக்கூடப் போகும். பந்தயம் கட்டி கேம் ஆடுதவன் வாங்கட்டும், அவன் பொழப்பு. நீ எதுக்கு வாங்குத? நீ போன்ல பாக்கது அடுத்தவன் பரோட்டா திங்க வீடியோல்லா?