சிறுத்தைக்கு மணிக்கணக்கு எதற்கு?

கேள்வி: காருக்குக் கிலோமீட்டர், கப்பலுக்கு நாட். எல்லாவற்றுக்கும் ஒரே வேக அளவு வைத்தால் என்ன?

பதில்: வைக்கலாம், மாலுமி சம்மதித்தால்! ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். எண் கோணலாக இருந்தாலும் காரணம் நேரானது: அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல். கடல் வரைபடத்தின் ஓரமே அளவுகோல். விமானிகளும் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

காட்டில்தான் வேடிக்கை. மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று சிறுத்தையைப் புகழ்கிறோம். அது ஓடுவதோ சில விநாடிகள். சின்சினாட்டி உயிரியல் பூங்காவின் சாரா என்ற சிறுத்தை 2012இல் 100 மீட்டரை 5.95 விநாடியில் கடந்தது. உசேன் போல்ட்டுக்கு 9.58 ஆயிற்று.

சில ஆய்வாளர்கள் விநாடிக்கு எத்தனை உடல் நீளம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் போல்ட்டுக்கு ஐந்து சொச்சம், சிறுத்தைக்குச் சுமார் 16. கலிபோர்னியாவில் எள்ளைவிடச் சிறிய ஓர் உண்ணிக்கு 322! அதையே கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு ஒன்றுகூடத் தேறாது. எந்த அளவு வேண்டும் என்று உண்ணியிடம் கேட்கவே வேண்டாம்.