தீவகத்துக் காற்றும் வல்லரசுகளும்

கேள்வி: இலங்கையின் நெடுந்தீவில் காற்றாலை நட்டால் வல்லரசுகளுக்கு ஏன் வியர்க்கிறது?

பதில்: அங்கிருந்து இராமேசுவரம் 50 கிலோமீற்றருக்கும் குறைவு. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, டிசம்பரில் சீனா திட்டத்தை நிறுத்தியது. 2024 மார்ச்சில், 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையுடன், வேலை இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது.

கேள்வி: அப்படி என்ன பெரிய மின் நிலையம்?

பதில்: சூரியகலம் 1,700 கிலோவாற், காற்றாலை 530 கிலோவாற். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான்!

கேள்வி: காற்றாலையில் பீரங்கி பூட்ட முடியுமா?

பதில்: பீரங்கி எதற்கு? கண்ணும் காதும் போதாதா? கட்டுபவரின் ஆட்களும் கருவிகளும் எல்லையோரத்தில் நிற்பதே இந்தியாவின் அச்சம். 2022 ஓகஸ்ட் 16இல் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 எழுப்பியதும் இதே அச்சம்தான்; அது செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் சீனக் கப்பல். இன்றைய போரில் முதலில் பார்ப்பவருக்கே முதல் வெற்றி.

கேள்வி: இந்தப் போட்டியில் தோற்றது யார்?

பதில்: டீசல் மின்சாரத்தோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தீவு மக்கள். யார் கட்டினாலும், முதலில் கேட்கவேண்டியது அவர்களைத்தான்.