உங்கள் புத்தகத்தில் என்ன செய்தி?

எழுத்தாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: என் முதல் கவிதைத் தொகுதி அச்சாகி வந்துவிட்டது. பத்திரிகைக்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே?
– கவிஞர், கல்லடி

புத்தகம் வருவது உங்கள் வீட்டுக்குத் திருவிழா. செய்தி ஆசிரியருக்கோ அது அன்றைய தபாலில் வந்த இன்னொரு பொதி. ‘இதை என் வாசகர் ஏன் படிக்க வேண்டும்?’ என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள். “என் கவிதைத் தொகுதி வந்திருக்கிறது” என்றால் அது அறிவித்தல். “2004 சுனாமியில் அழிந்த நாவலடியை அந்த ஊரவரின் வாய்மொழியிலிருந்தே கவிதையாக்கியிருக்கிறேன்” என்றால் அது செய்தி.

கே: எங்கள் பக்கத்தில் இதைச் சிறப்பாகச் செய்து காட்டியவர் உண்டா?
– ஆசிரியை, காரைதீவு

உங்கள் ஊர்க்காரரே செய்து காட்டியிருக்கிறார். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ கணக்கும் இசையிலக்கணமும் நிறைந்த கடினமான ஆராய்ச்சி. 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியபோது, அடிகளின் ஆய்வின்படி செய்த யாழ்களை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், அவையில் மீட்டியும் காட்டினார்கள். வழக்கொழிந்த வாத்தியம் கண்முன்னே ஒலித்தது. செய்தி எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அடிகளுக்குப் பத்திரிகை மேசையும் பழக்கமானது. இராமகிருஷ்ண மடத்தின் ஆங்கில மாத இதழான ‘பிரபுத்த பாரத’வுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். அரங்கேற்றம் முடிந்த மறுமாதம், ஜூலை 19இல், காலமாகிவிட்டார். நூல் இன்றும் பேசப்படுகிறது. உங்கள் புத்தகத்திலும் கண்ணால் பார்க்க, காதால் கேட்க ஏதாவது இருக்கும். அதைத் தேடி எடுத்து முன்னால் வையுங்கள்.

கே: நிருபருக்கு என்ன எழுதுவது? ஒரு மாதிரி தர முடியுமா?
– ஓய்வுபெற்ற அதிபர், களுவாஞ்சிகுடி

கூத்து பற்றிய புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு போதும்:

“வணக்கம் சேர். படுவான்கரை அண்ணாவிமார் சிலரின் வாழ்க்கையை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி நூலாக்கியிருக்கிறேன். சொன்னவர்களில் இருவர் இப்போது இல்லை. வடமோடிக் களரியின் பழைய வழக்கங்கள் அவர்கள் சொன்னபடியே இதில் இருக்கின்றன. அடுத்த மாதம் கொக்கட்டிச்சோலையில் வெளியீடு. மூத்த அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வருகிறார், உங்களோடு பேசவும் சம்மதித்திருக்கிறார். அட்டைப்படமும் ஒரு அத்தியாயமும் இணைத்துள்ளேன்.”

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் இப்போது என்ற ஐந்துக்கும் இதில் விடை இருக்கிறது. நிருபர் பேசுவதற்கு ஓர் ஆளும் கிடைக்கிறார். பட்டங்கள், பெற்ற பொன்னாடைகள், அணிந்துரையின் புகழ்மொழி எதுவும் வேண்டாம். தட்டச்சு செய்த எழுத்தாகவே அனுப்புங்கள். கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினால் நிருபர் திரும்பவும் தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

கே: விழாப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை.
– சிறுகதை எழுத்தாளர், ஏறாவூர்

மேடையில் பத்துப் பேர் நெஞ்சுக்கு நேரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்தானே? முதற்பிரதி வாங்கியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும், வாசகருக்கு அது தேவையில்லை. உங்கள் கதையில் வாவியில் தோணி தள்ளுகிறவர் வருகிறாரா? அவரும் நீங்களும் அந்தத் தோணியடியில் நிற்கும் படத்தை, அவருடைய சம்மதத்தோடு, அனுப்புங்கள். விழா முடிந்த பிறகு அனுப்புவது தாமதம். ஞாயிறு இதழின் பக்கங்கள் சில நாட்கள் முன்பே தயாராகிவிடும். ஒரு மாதம் முன்பே பிரதி போய்ச் சேரட்டும்.

கே: கொழும்புப் பத்திரிகைக்கு நேரே அனுப்புவதா, உள்ளூர் நிருபரிடம் கொடுப்பதா?
– வாசகர், காத்தான்குடி

செய்தியை உள்ளூர் நிருபரிடம் கொடுங்கள். உங்கள் ஊரின் வழி அவருக்குத் தெரியும். மதிப்புரைக்கு இலக்கியப் பக்க ஆசிரியரின் பெயரைக் கேட்டறிந்து அவருக்கே அனுப்புங்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் எத்தனையோ எழுத்தாளரை வளர்த்தவை. கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானபோது ஈழத்து எழுத்துக்குக் கதவை அகலத் திறந்தார். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ நம் எழுத்தாளரின் முகங்களையே அட்டையில் போட்டது. மட்டக்களப்பிலிருந்தே ‘செங்கதிர்’, ‘மகுடம்’ வந்தன. சிற்றிதழ்களை ஒதுக்காதீர்கள், புத்தகம் வாங்கிப் படிக்கிறவர் அங்கேதான் இருக்கிறார். ஒரே மடலை நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கே: செய்தி போட்ட நிருபருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?
– கவிஞர், வாழைச்சேனை

கூடாது. பிராந்திய நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, வெளியான செய்திக்குத்தான் கொடுப்பனவு. அந்த நிலையிலும் உண்மையை எழுதி உயிரைக் கொடுத்தவர்களின் ஊர் இது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் மட்டக்களப்பில்தான் சுட்டுக் கொன்றார்கள். இந்த மண்ணில் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட தொழிலில் இருக்கிறவரின் கையில் உறையைத் திணிப்பது அவமதிப்பு. சரியான தகவலைக் கொடுங்கள், செய்தி வந்ததும் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள்.

கே: பதிலே வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கலாமா?
– நாவலாசிரியர், வாகரை

பத்து நாள் பொறுத்து ஒருமுறை கேளுங்கள். அப்போதும் இல்லையென்றால் வேறு கோணத்தோடு வேறொருவரிடம் போங்கள். மதிப்புரை பாதகமாக வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், எழுதியவர் உங்களைப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்.

கே: கடைசியாக ஒரு வார்த்தை?
– மாணவி, வந்தாறுமூலை

எழுத்தாளர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பத்திரிகைக்கு எழுதும் முன், அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து ஒரு மாதம் படியுங்கள். பக்கத்து ஊர் எழுத்தாளரின் புத்தகத்தை வாங்கி, அதைப் பற்றி நீங்களே நாலு பந்தி எழுதி அனுப்புங்கள். பத்திரிகையின் கதவைத் தட்ட உங்களுக்கு உரிமை தருவது அதுதான்.