திருத்தணியே திரும்பி வந்தது, எட்டாயிரம் வராதா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வேறு சம்பாத்தியம் இல்லை. பி.எஃப். பணம் 80,000 எடுத்தால் 72,000தான் கைக்கு வந்தது. மீதி அரோகராவா?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: மலைக்குப் போகாமலே மொட்டை போட்டுக்கொண்டீர்கள்! ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் எண் தரவில்லையென்றால் 20. எடுக்கும்போதே ‘எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை’ என்று உறுதி சொல்லும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். அதை யார் சொல்கிறார்கள்?

பிடித்தது முன்பணம்தான், முடிந்த வரி அல்ல. வருமான வரி தளத்தில் 26ஏஎஸ் என்கிற வரிப் பிடித்தப் பட்டியலை எடுத்து, உங்கள் 8,000 பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ரிட்டர்ன் போடுங்கள். ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை வழி உண்டு. வரி வரம்புக்குள் வருமானம் இருந்தால் தாமதக் கட்டணமும் கிடையாது. பலரும் கோட்டைவிடுவது கடைசிப் படியில்: 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது. உங்கள் ஊர் மலையில் 365 படி ஏறிவிட்டு முருகனைப் பார்க்காமல் இறங்குகிற கதை.

ஆந்திராவிடம் இருந்த திருத்தணியையே ம.பொ.சி. போன்றவர்கள் போராடி மீட்டார்கள். தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் 1960 ஏப்ரல் 1. நிதியாண்டு பிறக்கிற அதே தேதி! உங்களுக்கு மறியல் எதுவும் தேவையில்லை. ரிட்டர்ன் போட்டாலே பிடித்த பணம் திரும்ப வரும்; மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் சேர்ந்து வரும். அந்த வட்டிக்கும் அடுத்த ரிட்டர்னில் கணக்கு காட்டச் சொல்வார்கள்.